வெளியே போகாத மின்சாரத்துக்கும் பதிவு தேவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சொந்த வீட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஐந்து கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், பத்து சோலார் பேனல், ஒரு பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தித் தர ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து தெருக் கம்பிக்கு மின்சாரம் வெளியே போகாதபடி அமைத்துவிடுவதால் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டாம் என்றும், 15,000 ராண்ட் வரிச் சலுகை கிடைக்கும் என்றும் கூறுகிறார். நம்பலாமா?"

இரண்டையும் நம்ப வேண்டாம்.

அந்த வரிச் சலுகை, 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை பயன்பாட்டுக்கு வந்த புதிய பேனல்களுக்கு மட்டுமே உரியது. பேனல் விலையில் நூற்றுக்கு 25, அதுவும் அதிகபட்சம் 15,000 ராண்ட் என்பதே கணக்கு. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் அது என்றுமே இருந்ததில்லை. முடிந்துபோன சலுகையை இன்னும் விலைப்பட்டியலில் கழித்துக் காட்டுகிறவர் வேறு எதையெல்லாம் அப்படிக் காட்டுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவு விஷயத்துக்கு வருவோம். மின்சாரம் வெளியே போகாமல் தடுப்பது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு செட்டிங் மட்டுமே; கைப்பேசியிலிருந்தே அதை மாற்றிவிடலாம். தெருக் கம்பியிலிருந்து வரும் ஒயர் உங்கள் இன்வெர்ட்டரில் வந்து சேர்கிறதா என்பதைத்தான் மாநகராட்சி பார்க்கும். பேனல், பேட்டரி, தெரு மின்சாரம் மூன்றையும் இணைப்பதுதான் ஹைபிரிட் என்பதால், அதில் சேரும். தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருடைய உயிர், உங்கள் இன்வெர்ட்டர் அந்த நொடியே தன்னைத் துண்டித்துக்கொள்வதைப் பொறுத்திருக்கிறது. ஆகவேதான் சோதனைச் சான்று பெற்ற இன்வெர்ட்டரா என்று கேட்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை.

ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் பெரும்பாலான ஏமாற்று நடக்கிறது. தோட்டத்துப் பம்புக்கோ வெளி விளக்குக்கோ தனியாகப் பேனல், தனியாகப் பேட்டரி, தனியாக ஒயர் என்று வைத்து, அது வீட்டு மின்பலகையை எங்குமே தொடாவிட்டால், அது மின்வலையோடு இணைந்த அமைப்பு ஆகாது; அதற்குப் பெயர் 'ஆஃப் கிரிட்'. ஆனால் இந்தச் சொல்லை முழு வீட்டுக்கும் பொருத்தும் ஹைபிரிட் அமைப்பின் ரசீதில் எழுதித் தருகிறார்கள். சோதிப்பது எளிது: பேட்டரி தீர்ந்ததும் வீட்டு விளக்குகள் தாமாகவே மாநகராட்சி மின்சாரத்துக்கு மாறி எரிந்தால், அது ஆஃப் கிரிட் அன்று. உண்மையாகவே தனித்திருக்கும் அமைப்பிலும் 230 வோல்ட் ஒயரிங் இருக்குமானால் சி.ஓ.சி. எனப்படும் மின் இணக்கச் சான்றிதழ் வேண்டும்.

அந்தச் சான்றிதழிலும் கண் வையுங்கள். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தேன்: பேனலிலிருந்து இறங்கும் ஒயர் ஓட்டின் விளிம்பில் உரசி உரசி, உள்ளிருக்கும் செம்பு தெரிந்தது. சான்றிதழோ கீழே அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதில் கையெழுத்திட்டவர் அந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை. நீங்கள் இழப்பீடு கேட்கும்போதுதான் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் தாள்களைப் புரட்டுகின்றன. கையெழுத்திடும் எலக்ட்ரீஷியனின் பதிவு எண்ணைத் தொழிலாளர் துறையில் சரிபாருங்கள். பொறியாளர் கையெழுத்தும் கேட்கப்பட்டால் அதற்கான கட்டணம் சொன்ன விலையில் அடங்குமா என்பதையும் முன்னரே எழுத்தில் வாங்குங்கள்.

அரசாங்கத்தின் மீது எனக்குப் பொறுமை இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மின் உற்பத்திக்கு உரிமம் தேவைப்படாத வரம்பு 2021இல் 100 மெகாவாட்டுக்கு உயர்த்தப்பட்டு, 2023இல் அடியோடு நீக்கப்பட்டதால், பெருநிறுவனங்கள் உரிமமே இல்லாமல் வெறும் பதிவோடு சூரியப் பண்ணை அமைக்கின்றன. ஐந்து கிலோவாட் வீட்டுக்காரரோ மாநகராட்சியின் ஒரு கடிதத்துக்காகக் காத்துக்கிடக்கிறார். அரசு மின்நிறுவனமான எஸ்காம் ஆண்டுக்கணக்கில் கையெழுத்திட மறுத்த 27 புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்கள் 2018 ஏப்ரலில்தான் ஒப்பந்தமாயின. அரசின் 2022 மின்திட்ட ஏலத்தில், கேப் பகுதியின் மின்கம்பிகளில் இடமில்லை என்பதால் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. இவ்வளவு தாமதமும் குழப்பமும் இருக்கும் இடத்தில் "பதிவெல்லாம் வேண்டாம்" என்று சொல்லும் தரகருக்கு வாடிக்கையாளர் கிடைப்பதில் என்ன ஆச்சரியம்?

இருந்தாலும் பதிவு செய்யுங்கள். பேனல் கூரை ஏறுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். சி.ஓ.சி.யும் மாநகராட்சியின் ஒப்புதல் கடிதமும் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலிருந்துமே போகட்டும். பொருத்துகிறவரின் மின்னஞ்சலிலிருந்து போனால், அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தும் நாளில் உங்கள் பதில் கடிதமும் அவரோடு போய்விடும்.