ஏறும்போது சரி, இறங்கும்போது ஏன் திணறுகிறது?

கேள்வி: இறக்கை வைத்த 12 கிலோ டிரோன். எழும்ப நான்கு மின்மோட்டார், 22.2 வோல்ட் 5 ஆம்பியர்-மணி பேட்டரி. முன்னே தள்ள பெட்ரோல் என்ஜின். ஒரு மணி நேரம் பறந்து இறங்கும்போது பேட்டரி படுத்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், பணகுடி

பதில்: கணக்கைப் பாருங்கள். அந்தரத்தில் நிற்க ஏறத்தாழ 2,000 வாட், அதாவது 90 ஆம்பியர் வேண்டும். ஏற 40 விநாடி என்றால் 1 ஆம்பியர்-மணி போச்சு. ஆட்டோபைலட்டும் (டிரோனைத் தானாக ஓட்டும் கணினி) சர்வோக்களும் (இறக்கை மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) அதே பேட்டரியில் 20 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் இன்னொரு 1. உங்கள் ஊர் ஆடிக் காற்றில் இறங்க ஒன்றரை நிமிடம் ஆனால், காற்றைச் சமாளிக்கும் கூடுதல் கரண்டும் சேர்ந்து சுமார் 3. மொத்தம் 5, மிச்சமே இல்லை! 8 ஆம்பியர்-மணி பேட்டரி போடுங்கள். ஆட்டோபைலட்டுக்குத் தனி பேட்டரி கட்டாயம்; வோல்டேஜ் சரிந்தால் அது நடுவானில் ரீஸ்டார்ட் ஆகிவிடும், அதுதான் பெரிய ஆபத்து.

என்ஜினில் 120 வாட் ஜெனரேட்டர் பொருத்தினால், 5 ஆம்பியரில் கால் மணி நேரத்தில் ஏறிய செலவு திரும்பிவிடும். சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 24.9 வோல்ட்டில் நிறுத்துங்கள், 25.2-ஐத் தாண்டினால் லித்தியம் பேட்டரி உப்பும்.

பேட்டரியை இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால், அது 60 ஆம்பியருக்கானது என்பதே காரணம், எக்ஸ்டி90 மாற்றுங்கள். இறங்கும்போது மூக்கு காற்றை எதிர்த்தே இருக்கட்டும். பக்கக்காற்று இறக்கையைத் தூக்கினால், அதைச் சமாளிக்கவே மோட்டார்கள் கூடுதல் கரண்ட் இழுக்கும்.