நடுச்சாமத்தில் அலறும் பிள்ளை, நின்று நின்று வரும் குறட்டை, குடையும் கால்: எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையா?

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுத்துதேன். மகனுக்கு 7 வயசு. சித்திரைக் கொடைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து, ஒம்பது மணிக்குப் படுத்தா பத்தேகாலுக்கு எந்திரிச்சுக் கெடந்து அலறுதான். கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆனா எங்களை யாருன்னு தெரியல. காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகமில்லைங்கான். சுடலை கோயில்ல பயந்துட்டான்னு கயிறு கட்டியாச்சு. வீட்டுக்காரருக்கு 46 வயசு. விடியக்காலம் 3 மணிக்கு லோடு ஆட்டோவுல வாழைத்தார் ஏத்திக்கிட்டு நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போவாக. அவுக கொறட்டை நடுவுல நின்னு நின்னு வருது. எனக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல ரெண்டு காலும் குடையுது. அத்தைக்கு 68 வயசு. எட்டு மணிக்குப் படுத்து ரெண்டு மணிக்கு முழிச்சா, பிறகு தூக்கம் கிடையாது. ஆறு வருசமா தூக்கத்துக்கு ஆல்பிரசோலம் 0.5 மாத்திரை போடுதாக. எனக்குத் தூக்கம் வர மெடிக்கல்ல குளோர்பெனிரமைன்னு ஒரு சின்ன மாத்திரை தந்தாங்க. அதுல பாதியப் பயலுக்குக் குடுக்கலாமா? அவுகளுக்கு ஒண்ணு குடுத்தா கொறட்டை குறையுமா?

பதில்: இருவருக்கும் கொடுக்காதீர்கள். நீங்களும் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாம். அத்தை மட்டும் தன் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஏன் என்பது கடைசியில் வருகிறது.

உங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு வெவ்வேறு கோளாறுகள். கடிதத்தில் நீங்கள் மணி போட்டு எழுதியிருப்பது பெரிய உதவி. தூக்கக் கோளாறில் பாதியை மணியே காட்டிக்கொடுத்துவிடும்.

அவசரமானது வீட்டுக்காரர் விஷயம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உலுக்கி எழுப்ப, ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். எழுப்பப்பட்டது அவருக்கே தெரியாது. 10 விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கு வைப்பார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை வந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. கடுமையாக இருப்பவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கிய கணக்கில் வராது. போதாக்குறைக்கு, விடியக்காலம் 2 முதல் 5 மணி வரை எந்த உடம்பும் தூக்கம் கேட்கும் நேரம். அந்த நேரத்தில்தான் அவர் ஸ்டியரிங் பிடிக்கிறார். இதில் மறுநாள் வரை மந்தம் தரும் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியவை இரண்டு. அவர் மல்லாந்து தூங்கும்போது முகமும் நெஞ்சும் தெரியும்படி போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். தையல்காரர் டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்து எழுதுங்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது சட்டைக் காலர் 16க்கு மேல் என்றால், சந்தேகம் வலுக்கும். ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை போட்டும் அடங்காதவர்களுக்கும் இதே சந்தேகம் வர வேண்டும். வீடியோவோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். உடம்பில் கருவி மாட்டித் தூங்கவைத்து எடுக்கும் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும். அதுவரை ராத்திரி குடிப்பது இருந்தால் அறவே வேண்டாம். தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். ஒருக்களித்துப் படுக்கட்டும். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பையைத் தைத்து அதில் ரப்பர் பந்து போட்டால் மல்லாக்கப் புரள முடியாது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். வண்டியில் கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டி வைப்பதும் உதவாது. ஓரம் கட்டி, ஒரு டீ குடித்த கையோடு 20 நிமிடம் கண்ணயர வேண்டும். எழும்போது டீயும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

நடுத்தரமோ கடுமையோ என்று வந்தால் பெரும்பாலும் சிபாப் கருவியைச் சொல்வார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் அது பிடித்து வைக்கும். வாங்கியவர்களில் பலர் ஒரே மாதத்தில் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், மாஸ்க் அளவு சரியில்லாமல் கண்ணுக்குக் காற்று அடிப்பதும் தொண்டை வறள்வதும்தான். முதல் வாரம் பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகட்டும். தாடி இருந்தால் கசியும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, மிச்சத்தைத் தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும். கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஈரப்பதச் சூட்டை அணைத்துவிடுங்கள். அதிகமாகக் கரண்ட் இழுப்பது அதுதான். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூச்சுத் தடை கண்கூடாகக் குறையும்.

இனி பயல்.

படுத்து ஒன்றேகால் மணி நேரத்தில் அலறல், திறந்த கண், ஆள் தெரியாமை, காலையில் நினைவே இல்லை. இது இரவு அலறல். கெட்ட கனவு வேறு. கெட்ட கனவு விடியும் பக்கம் வரும். பிள்ளை முழுசாக முழித்து, கண்டதைச் சொல்லி, அம்மாவைக் கட்டிக்கொள்ளும். இரவு அலறல் படுத்து ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். இரவின் முற்பகுதியில்தான் உறக்கம் ஆழமாக இருக்கும். அந்த ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்பு முழித்துக்கொள்ள, மூளையின் ஒரு பகுதி தூக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறது. அவன் எதையும் பார்த்துப் பயப்படவில்லை. பார்த்துப் பயப்படுவது நீங்கள்தான்.

கொடைக்குப் பிறகு தொடங்கியது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். வில்லுப்பாட்டு, சாமக்கொடை என்று இரண்டு இரவு முழித்த பிள்ளை, மூன்றாம் இரவு விட்ட தூக்கத்தை ஈடுகட்ட வழக்கத்தை விட ஆழமாகத் தூங்கும். ஆழம் கூடினால் இந்தத் தடுமாற்றமும் கூடும். ஜுரம், முட்டிய சிறுநீர், பக்கத்தில் கேட்கும் பெருஞ்சத்தம், இவையும் தூண்டும். ஒரே அறையில் அப்பாவின் குறட்டை இருக்கிறதே, அதை மறக்க வேண்டாம். பயலைத் தள்ளிப் படுக்க வையுங்கள். கயிறு கட்டியதில் தப்பில்லை. ஆனால் திருநீறு போடுவதானால் விளக்கு வைக்கும் நேரத்தில் போட்டுவிட்டுப் படுக்க வையுங்கள். ராத்திரியில் எழுப்பிக் கோடாங்கியிடம் கூட்டிப்போனால் அந்தத் தூக்கமும் கெட்டு, மறுநாள் அலறல் கூடும். காலையில் "நேத்து என்ன ஆட்டம் போட்டே தெரியுமா" என்று அவனிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் படுக்கவே பயப்படுவான்.

அலறும்போது உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடித்தால் திமிறுவான், நேரமும் நீளும். பக்கத்தில் இருந்து தாழ்ந்த குரலில் "படுத்துக்கோ ராசா" என்றால் போதும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் தானே அடங்கும். சில பிள்ளைகள் எழுந்து ஓடுவதும் உண்டு என்பதால், பாய் பக்கத்தில் பீடித்தட்டும் கத்தரியும் கிடக்கக் கூடாது. கத்தரியை அலமாரியில் வைத்துவிட்டுப் படுங்கள். வெளிக்கதவுத் தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நிறுத்துவதற்கு வழி இருக்கிறது. ஐந்து இரவு, படுத்த மணியையும் அலறிய மணியையும் காலண்டரில் குறியுங்கள். தினமும் பத்தேகால் என்றால், பத்து மணிக்கு நீங்களே மெதுவாகத் தட்டி எழுப்புங்கள். ஒரு வார்த்தை பேசினாலோ ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலோ போதும், திரும்பப் படுக்க விடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டும். இடையில் "நேத்து வரலையே" என்று விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் இது பலிப்பதில்லை. கூடவே படுக்கும் நேரத்தை அரை மணி முன்னால் கொண்டுவாருங்கள், எழுப்பும் நேரமும் அதற்கேற்ப முன்னால் வரட்டும். இந்த வயதுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை ஒன்பதுக்குப் படுத்தால் அது கீழ் வரம்பைத்தான் தொடும், எட்டரை நல்லது.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரே இரவில் பல தடவை வருவது, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடிவது, ஒவ்வொரு முறையும் அச்செடுத்த மாதிரி ஒரே அசைவு, கை விறைப்பது, வாய் ஒரு பக்கம் இழுப்பது, நாக்கைக் கடிப்பது. இவை வலிப்பாக இருக்கலாம். வீடியோவோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பயலும் வாயைத் திறந்து குறட்டை விட்டால், படுக்கையை நனைக்கத் தொடங்கினால், டான்சிலையும் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தைகளின் மூச்சுத் தடைக்கு அவைதான் முக்கியக் காரணம். அவற்றை எடுத்தால் பெரும்பாலும் சரியாகும், அலறலும் கூடவே நிற்பது உண்டு.

உங்கள் காலுக்கு வருவோம். உட்கார்ந்தாலும் படுத்தாலும் குடைகிறதா, ஆட்டியே ஆக வேண்டும் போல் இருக்கிறதா, எழுந்து நடந்தால் விடுகிறதா, பகலை விட ராத்திரி அதிகமா? நான்கிற்கும் ஆமாம் என்றால் இது ஓயாக்கால் நோய். கெண்டைக்காலில் குரக்கு வலி பிடித்தால் சதை கல்லாக இறுகும். சர்க்கரையால் வரும் பாத எரிச்சல் பகலிலும் இருக்கும், நடந்தாலும் விடாது. இது இரண்டும் இல்லை.

பெண்களுக்கு இதன் பின்னால் அடிக்கடி ஒளிந்திருப்பது இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "12 இருக்கு, ஒண்ணுமில்லை" என்று அனுப்பினால் ஏற்காதீர்கள். சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை எழுதித் தரச் சொல்லுங்கள்; ஜுரம் இருக்கும்போது எடுத்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். மற்றவர்களுக்கு ஃபெரிட்டின் 40 போதுமானதாகத் தெரியலாம். ஆனால் ஓயாக்கால் உள்ளவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளித்தான். பீடித்தட்டுக்கு முன்னால் நாலு டீ குடிப்பவர்கள் இந்த ஒன்றைத் தவறவிட்டுவிட்டு "மாத்திரை கேக்கலை" என்பார்கள். மலம் கறுத்துப் போவது இயல்பு. குடைச்சல் குறைய வாரக்கணக்கு ஆகும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப ஃபெரிட்டின் பாருங்கள். மாதவிலக்கில் போக்கு அதிகமிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

குளோர்பெனிரமைன் சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரை. தூக்கம் வரவைக்கும், ஆனால் ஓயாக்காலைக் கூட்டிவிடும். தூங்க வேண்டும் என்று போட்டதே காலைக் குடைந்துகொண்டிருந்திருக்கலாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இப்படித்தான். இரும்பு சரியாக இருந்தும் குடைந்தால் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் உண்டு. அது மருத்துவர் முடிவு. அதுவரை பீடி எண்ணிக்கை முடிக்க ஒரே இருப்பில் இருக்காமல், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் நடங்கள்.

அத்தைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு முதல் இரண்டு வரை ஆறு மணி நேரம். மத்தியானம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கண்ணயர்ந்தால் மொத்தம் ஏழரை. அந்த வயதுக்கு அது நிறைவான தூக்கம். குறையவில்லை, முன்னால் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பகல் தூக்கத்தை அரை மணியில் எழுப்பிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை வெளிச்சத்தில் திண்ணையில் உட்காரட்டும். படுப்பதை மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி வீதம் தள்ளிப் பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். நாலு மணிக்கு முழிப்பு வந்தால் வாசல் தெளிக்கச் சரியாக இருக்கும்.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக, உண்மையிலேயே தூக்கம் வராதவர்களுக்கும் முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறவர், ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்க வேண்டும். ஐந்துக்கு எழுவது என்றால் பதினொன்றரைக்குப் படுப்பது. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கும் வாரம் வந்ததும் கால் மணி கூட்டுங்கள். 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது; வலிப்பு உள்ளவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் இதைத் தானாகச் செய்யக் கூடாது.

ஆல்பிரசோலத்தை ஆறு வருடம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும் வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரோ மனநல மருத்துவரோ பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். குறைத்த இரண்டு மூன்று நாள் தூக்கம் கெடும். அது மருந்து விலகும் அறிகுறி. அதற்காகப் பழைய அளவுக்கு ஏறாமல், அதே அளவில் இன்னும் ஒரு வாரம் நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மாத்திரை போட்டவர்கள் ராத்திரி எழுந்து நடக்கையில் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது அதிகம். அதனால் கழிப்பறைக்குப் போகும் வழியில் இன்றைக்கே ஒரு சின்ன விளக்கைப் போட்டு வையுங்கள்.