இங்கிலாந்தில் பழைய ஆலை நிலத்தில் வீடு கட்டும் முன் வன உயிரினக் கணக்கெடுப்பு எதற்கு?

"உடைந்த கான்கிரீட்டும் முட்புதரும் கிடக்கிற இடத்தில் என்ன இருந்துவிடப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கணக்கெடுப்புதான் பிழைப்பு என்பதால் சொல்கிறேன்: பக்கத்துக் கோதுமை வயலைவிட அங்கேதான் நிறைய இருக்கும்.

உரமும் பூச்சிமருந்தும் படாத மண். சத்தும் குறைவு, அதனால் ஒரே புல் மண்டி மற்ற செடிகளை அமுக்கிவிடுவதில்லை. எஸ்ஸெக்ஸில் உள்ள கேன்வி விக், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கட்டத் தொடங்கி 1970களில் பாதியில் கைவிட்ட இடம். அங்கே 1,400க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி போன்ற சிற்றுயிர் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 2005இல் பாதுகாக்கப்பட்ட இடமாகவே அறிவித்துவிட்டார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இங்கே உங்களை மாட்டிவிடுவது செலவைவிடக் காலண்டர்தான். முதல் சுற்றுப்பார்வையை எந்த மாதமும் செய்யலாம். ஆனால் கட்டடத்திலிருந்து வௌவால் வெளியேறுவதை அந்தி நேரத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்கு மே முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபரில் நிலத்தை வாங்கிவிட்டு "அடுத்த வாரம் வர முடியுமா?" என்று போன் செய்பவர்கள் ஏராளம். வௌவால் அந்நேரம் இல்லாவிட்டாலும் அது தங்கும் பொந்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூரையைப் பிரித்தபின் "தெரியாது" என்றால் எடுபடாது.

குளம் குட்டை இருந்தால் பெரிய கொண்டை நியூட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தம். பெண் நியூட் ஒவ்வொரு முட்டையாக வைத்து, நீர்ச்செடியின் இலையை அதன்மேல் மடித்து ஒட்டிவிடும். அப்படி மடிந்த இலை ஒன்றைப் பிரித்து உள்ளே வெளிர்மஞ்சள் முட்டை தெரிந்தால் போதும், மேற்கொண்டு ஒரு இலையையும் தொடமாட்டோம். இதையெல்லாம் தேடாமல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 30க்குள் குளத்து நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎன்ஏ பார்க்கவும் வழி இருக்கிறது.

நியூட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பல மாவட்டங்களில் வேறிடத்தில் குளம் அமைக்கும் திட்டத்துக்குப் பணம் கட்டி, நியூட் இருக்கக்கூடிய நிலத்தில் வேலை செய்ய உரிமம் வாங்கிவிடலாம், கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். வௌவாலுக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. எனவே நிலத்தில் பழைய கட்டடம் நிற்கிறதென்றால், விலை பேசும்போதே யாரையாவது கூட்டிக்கொண்டு போய் கூரையைக் காட்டிவிடுங்கள். அப்புறம், மண் பரிசோதனைக்குத் துளைபோட வருகிறவர்களிடமும் புதரை இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எங்களுக்கு முன்னால் அவர்கள்தான் இயந்திரத்தோடு வந்து நிற்பார்கள்.