கேட் பாஸ் கட்டினால் கார் வருமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்குப் புளியரை. மொபைலில் ஒரு கே.எல். (கேரளா) பதிவு ஸ்விஃப்ட் டீசல் கார், 2017 மாடல், 1,90,000 ரூபாய்க்கு விளம்பரம் பார்த்தேன். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், காஷ்மீருக்கு மாற்றலாம், வண்டி திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நிற்கிறதாம். யூனிஃபார்ம் போட்டோ, கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் அனுப்பினார். எழுத்துப் பத்திரம் போட என்னுடைய ஆதாரையும் வாங்கிக்கொண்டார். வண்டியை வெளியே எடுக்கக் கேட் பாஸ் வேண்டும் என்றதால், அதற்கு 4,150 ரூபாய் ஜிபே செய்துவிட்டேன். இப்போது டெலிவரிக்கு 12,500 கேட்கிறார், காரோடு திருப்பித் தந்துவிடுவாராம். கட்டலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, கட்டாதீங்க. அந்தக் கார் வராது, அந்த ஆள் சொல்கிற இடத்தில் அப்படி ஒரு கார் நிற்கவே இல்லை. 12,500 கட்டினால் அடுத்து இன்சூரன்ஸ், அதற்கடுத்து ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொரு தடவையும் ‘இதுதான் கடைசி’ என்பார்கள். ராணுவம் என்று சொன்னதும் நமக்கு ஒரு மரியாதை வருகிறதே, அதைத்தான் காசாக்குகிறார்கள். பார்க்கிங்கில் நிற்கிற வண்டியை எடுக்க, எடுக்கிறவர்தானே பணம் கட்டணும்? வாங்குகிறவர் புளியரையில் உட்கார்ந்துகொண்டு எதற்குக் கட்டணும்?

இதைப் படித்ததும் 1930-க்குப் போன் போடுங்க. சைபர் குற்றத்துக்கான எண் அது. ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்கத்தில் ஒரு யுபிஐ எண் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்க, கேட்பார்கள். வங்கிக்கும் சொல்லுங்க. பணம் அவன் கணக்கில் இன்னும் கிடந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் போகப் போக அது குறையும். அவனோடு பேசிய மெசேஜ்களை அழிக்காதீங்க. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம்’ என்று வேறொருத்தன் கூப்பிட்டாலும் வைத்துவிடுங்க, அவனும் இவன் கூட்டாளியாகத்தான் இருப்பான்.

எனக்கு 4,150-ஐ விடப் பெரிய கவலை உங்கள் ஆதார். அவன் உங்களுக்கு அனுப்பிய ஆதார் யாருடையது என்று நினைக்கிறீங்க? பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் ஏமாந்தவருடையதாகத்தான் இருக்கும். நாளைக்கு உங்கள் ஆதாரைக் காட்டி இன்னொருத்தரிடம் கார் விற்பான். அதனால் புகாரில் ‘ஆதார் நகல் கொடுத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்க.

சரி, கே.எல். வண்டியே வாங்கக் கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம். நம்ம எல்லைப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஆனால் நம்ம ஊர் புரோக்கர் நாலு லட்சம் சொல்கிற வண்டியை ஒருத்தன் பாதி விலைக்குத் தருகிறான் என்றால், ‘கேரளாவில் விலை கம்மி’ என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம் பாருங்க, அங்கேதான் மாட்டுகிறோம். கேரளா வண்டியை இங்கே கொண்டுவர டீசலைத் தவிர இன்னும் நிறையச் செலவு இருக்கிறது. அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வாங்கணும், அதுதான் படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. லோன் இருந்தால், அது முடிந்தது என்ற வங்கிக் கடிதத்தோடு 35. இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியே ஆகணும், வண்டியின் வயதைப் பார்த்து லைஃப் டாக்ஸும் போடுவார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்க.

வண்டி நம்பரை எம்பரிவாகன் என்ற மத்திய அரசு ஆப்பில் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், லோன் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்திருக்கும், தெரிகிற எழுத்தை ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றோடு ஒப்பிட்டாலே பாதி குட்டு உடைந்துவிடும். இ-சலானையும், அதாவது கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்க, 2023 ஜூனிலிருந்து கேரளா ரோடு கேமராக்கள் அபராதம் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

அப்புறம் வெள்ளம். 2018 ஆகஸ்ட்டில் அங்கே ஏகப்பட்ட கார்கள் மூழ்கின. அடுத்த வருஷம் நானே புனலூர்ப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன், பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே ஊதுபத்தி வாசனை வேறு. கூட வந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். மேலே கறுப்பாக இருந்த பெல்ட், கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் விறைத்துப்போய் இருந்தது. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் மண்படிவம். விற்றவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, நாங்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ரயிலே போகிறது. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யில் இருக்கிறதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, ஓட்டியும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க. அதுவரை ஒரு ரூபாய்கூட வேண்டாம். மெக்கானிக்குக்குக் கூலியோடு மத்தியானச் சாப்பாடும் வாங்கிக் கொடுங்க.

வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்க, தம்பி. அடுத்த தடவை அவன் கூப்பிடும்போது போனை அவர்களிடம் கொடுத்துவிடலாம்.