'தொ' என்ற ஓர் எழுத்து

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். போன வாரம் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சில எழுத்துச் சுருக்கங்களைக் கொடுத்து விரித்து எழுதச் சொன்னேன். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைக் குறிக்கும் இ.தொ.கா. என்பதற்கு ஒரு பையன் 'இலங்கைத் தொண்டைமான் காங்கிரஸ்' என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. நான் பிழை போட்டேன். 'தொண்டைமான்' இல்லை, 'தொண்டமான்' என்று அந்த ஐகாரத்தையும் சிவப்பு மையால் வெட்டினேன். பிறகு அவன் எழுந்து, "அப்ப தொண்டமான்னா என்ன அர்த்தம் டீச்சர்?" என்று கேட்டான். தொண்டு செய்தவர் என்று சொல்லிவிட்டேன். மனம் ஒப்பவில்லை. உண்மையில் என்ன பொருள்? யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு, புதுக்கோட்டை ராஜா, இ.தொ.கா. தலைவராக இருந்த எங்கள் சௌமியமூர்த்தி தொண்டமான் எல்லாரும் ஒரே வம்சமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பையனை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொண்டமான் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் அடியில் இ.தொ.கா.வின் சின்னமான சேவல், சேவலுக்குக் கீழே அந்த மூன்று எழுத்துகள். அடுப்புப் புகை படிந்து கண்ணாடியின் இரண்டு ஓரங்களும் கறுத்துப்போய், நடுவில் இருந்த 'தொ' மட்டும் பளிச்சென்று தெரியும். அப்பா சம்பளத் துண்டை நாலாக மடித்து அந்தப் படத்துக்குப் பின்னால்தான் செருகிவைப்பார். படத்தில் இருக்கிறவரின் எழுத்துத்தான் அது என்று ஒரு பிள்ளை நினைப்பதில் என்ன அதிசயம்?

சரி, பெயருக்கு வருகிறேன். தொண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெருமகன் பெருமான் ஆனதுபோல, கோமகன் கோமான் ஆனதுபோல, இதில் வரும் 'மான்' என்பது மகன். சேரமான், மலையமான், அதியமான் எல்லாம் அந்த வரிசைதான். தொண்டையர் என்ற குடியில் வந்தவன் தொண்டைமான். அவர்கள் ஆண்ட நிலம் தொண்டை நாடு, காஞ்சிபுரம் அதன் தலைநகர்.

தொண்டை என்பது குரல்வளையும் அல்ல, ஒரு கொடி. கோவைக் கொடியைப் பழைய தமிழில் தொண்டை என்பார்கள். பெண்ணின் சிவந்த வாய்க்குப் புலவர்கள் உவமை சொல்லும் தொண்டைக் கனி, நம் வேலியில் படர்ந்து கிளி கொத்தும் அதே கோவைப்பழம்தான். சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த குழந்தையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, அலை கொண்டுவந்து கரை சேர்த்தது, அவன்தான் தொண்டைமான் இளந்திரையன் என்று நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை வருகிறது. திரை கொண்டுவந்ததால் திரையன். பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் இவன்.

வகுப்பில் சொல்ல எனக்குப் பிடித்தது இன்னொரு தொண்டைமான். அதியமானுக்காக ஔவையார் தூது போனது அவனிடம்தான். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகத் திறந்து காட்டுகிறான். ஔவை பார்க்கிறாள். இவையெல்லாம் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. புகழ்வதுபோலச் சொல்லி அடிக்கும் அந்த அடியைப் பத்தாம் தரத்துப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கொல்லன் பட்டறை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற இடத்தைக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தப் பெயர் பட்டமாகிவிட்டது. பட்டம் யாருக்கும் கொடுக்கப்படலாம். குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்தை வென்று பரணி பாடப்பட்டவன். வடமராட்சியில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் தொண்டைமானாற்றை இவனோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். உப்பு ஏற்றிப்போக அவன் வெட்டுவித்தான் என்பது கதை. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் அதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியவர்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய ஆட்சி, 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் முடிந்தது. நம் பாட்டன் பூட்டன்மாரில் எத்தனையோ பேர் அந்தச் சீமையிலிருந்து நடந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமையை இலங்கைச் சட்டம் பறித்ததும் அதே 1948இல்தான்.

ஆகவே எல்லாரும் ஒரே வம்சமா என்ற கேள்விக்கு என் பதில்: ஒரே பட்டத்தை வைத்து ஒரே ரத்தம் என்று சொல்லிவிட முடியாது. சங்ககாலத்துக் காஞ்சிக்கும் எங்கள் தொண்டமானின் இறம்பொடை வேவண்டன் தோட்டத்துக்கும் நடுவில் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளியை ஒரு பெயரால் மட்டும் பாலம் போட்டுக் கடக்க நினைப்பது சரித்திரம் ஆகாது.

எங்கள் தொண்டமான் 1913இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா கருப்பையா தோட்டத் தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்து, பிறகு வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். நம் வழக்கப்படி எழுதினால் மகன் க. சௌமியமூர்த்தி, அவ்வளவுதான். அவருடைய மகன் இராமநாதன், இராமநாதனின் மகன் ஆறுமுகன். அவரும் இரா. ஆறுமுகன் என்று நிற்காமல் ஆறுமுகன் தொண்டமான் ஆனார். ஒரு பட்டம் நம் கண் முன்னாலேயே குடும்பப் பெயராக மாறியது இப்படித்தான். நம் சனங்களிடம் இது அபூர்வம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அதற்கப்புறம் நம் பெயர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடாத மலையகத்துப் பிள்ளை இருக்கிறதா?

இப்போது அந்த எழுத்து. இதே 'தொ' தொண்டைமானையே குறிக்கும் இடம் ஒன்று உண்டு. திருநெல்வேலிக்காரரான எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதனின் பெயரில் தொ. என்பது தொண்டைமான், மு. என்பது தந்தை முத்தையா. அவருடைய அண்ணன் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். ஆனால் தமிழ்நாட்டில் தொ.மு.ச. என்றால் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம். ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், அதற்குள் 'தொ' வேறு ஆளாகிவிட்டது.

இ.தொ.கா.வின் 'தொ' தொழிலாளருடையது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 1939இல் அது தொடங்கியபோது பெயர் இலங்கை இந்தியக் காங்கிரஸ், அதில் 'தொ' கிடையாது. ஐம்பதுகளில்தான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. தலைவர் தொண்டமான் செய்தவற்றை நான் குறைக்கவில்லை. 1947 தேர்தலில் அவரோடு சேர்த்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். வாக்குரிமை போன பிறகும் அந்தச் சங்கம் நம்மைக் கலைந்துபோக விடவில்லை. ஆனால் அவருக்கு முழுப் பெயரே இருக்கிறது, மைதானங்களிலும் கட்டடங்களிலும் எழுதியிருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டிய கொழுந்துக்காரிக்கு எங்கும் பெயர் இல்லை, அந்த ஓர் எழுத்துத்தான் இருக்கிறது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்டுச் செத்த தொழிலாளி கோவிந்தன். ஒற்றைப் பெயர், பட்டம் ஒன்றும் கிடையாது. 1977இல் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்று குண்டடிபட்டு இறந்த இளைஞன் சிவனு லட்சுமணன். சிவனு அப்பாவின் பெயர். அந்த இரண்டு பெயரையும் பையன்கள் குறிப்பேட்டில் எழுதட்டும்.

ஐகாரத்துக்கு வருகிறேன். பேச்சில் நடுவில் வரும் ஐ தேய்ந்து அகரமாவது நமக்குப் பழக்கம்தானே? வாழைமரம் வாழமரம் ஆகிறது, மலையில் ஏறி என்பது மலயில ஏறி ஆகிறது. அப்படித்தான் தொண்டைமான் தொண்டமான் ஆனது. ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் நாமும் எழுத வேண்டும். அதனால் தலைவரின் பெயரில் ஐகாரம் வேண்டாம். விரிவு பிழைதான், மதிப்பெண் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் பையன் எழுதியது சங்க நூல்களில் காணும் வடிவம். அவனுடைய கொப்பியை ஒருதரம் திரும்ப வாங்கி, அந்த ஐகாரத்தின் மேல் இழுத்த சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'பழைய வடிவம்' என்று எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்.