தீப்பெட்டிக்குள் பூச்சி

கேள்வி: என் மாமனாருக்கு வயது 58. எட்டு மாதமாகத் தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார். நோண்டி எடுத்ததைத் தீப்பெட்டியில் போட்டு வைக்கிறார். மூன்று டாக்டர்கள் பூச்சியே இல்லை என்றுவிட்டார்கள். மற்றபடி ஈரோடு மண்டிக்கு அவரே மஞ்சள் கொண்டுபோய், கணக்கைப் பைசா பிசகாமல் முடித்து வருகிறார். இது மனச்சிதைவு என்கிறார் கொழுந்தனார். அப்படிங்களா டாக்டர்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தீப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் அம்மணி. டாக்டரிடம் கொண்டுபோங்கள். திறந்தால் பெரும்பாலும் தோல் பொருக்கும் துணி நூலும்தான் இருக்கும். ஆனாலும் நான் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் விடமாட்டேன். சிரங்குப் பூச்சி நிஜமாகவே தோலுக்குள் வளை தோண்டும் ஆயிற்றே! 1938-லேயே ஸ்வீடன் மருத்துவர் எக்போம் இந்தப் பூச்சி நம்பிக்கையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டமாட்டேன். ஆனால் அந்த மண்டிக் கணக்கு வரி எனக்கு முக்கியம். மனச்சிதைவு பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். பேச்சு கோவையில்லாமல் போகும், ஆளில்லாமல் குரல் கேட்கும், குளியல், வேலை, உறவு எல்லாம் விட்டுப்போகும். உடம்பைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் மட்டும் அசைக்க முடியாமல் ஊன்றிப்போவது வேறு நோய், அதற்கு உடல் சார்ந்த பிறழ் நம்பிக்கை நோய் என்று பெயர். அதில் அந்த ஒரு விஷயத்தைத் தவிர மனிதர் முன்போலவே இருப்பார். ‘ஊர்வது தெரிகிறதே, அது பிரமை, அப்போது மனச்சிதைவுதானே’ என்று இளம் டாக்டர்களே குழம்புவதுண்டு. பூச்சி நம்பிக்கையை ஒட்டிய ஊறல் பிறழ் நம்பிக்கை நோயிலும் வரும். நம்பிக்கை எவ்வளவு விசித்திரம் என்பதும் இப்போது அளவுகோல் இல்லை. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு அதை எடுத்துவிட்டது.

58 வயதில் புதிதாக வந்திருப்பதால் சர்க்கரை, தைராய்டு, பி12, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தாக வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். ஞாபகமறதி இருந்தாலும் சொல்லுங்கள்.

பூச்சி இருக்கிறது என்று ஆமாம் போடவும் வேண்டாம், இல்லை என்று மல்லுக்கட்டவும் வேண்டாம். “மாமா, ராத்திரி தூக்கமே இல்லீங்களே, அதுக்குப் பார்த்துட்டு வரலாங்க” என்று மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இரண்டு நோய்க்கும் மாத்திரை ஒரே குடும்பம்தான். சீட்டைப் பார்த்துவிட்டுக் கொழுந்தனார் “நான்தான் சொன்னேனே” என்பார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே பூட்டி வையுங்கள். பயிருக்கு அடிப்பதை உடம்பில் தேய்த்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.