ஆர்க்கிடெக்டுடன் தகராறு: எந்தப் பணம் நியாயம், எது இல்லை?

கேள்வி: திருச்சியில் கீழும் மேலுமாக வீடு கட்ட ஆர்க்கிடெக்டை அமர்த்தினோம். எஸ்டிமேட் 40 லட்சம், அவருக்கு அதில் 5 சதவீதம் என்று பேச்சு. இதுவரை 1,10,000 ரூபாய் கொடுத்தாயிற்று. பிளான் அப்ரூவல் வந்துவிட்டது. இப்போது எஸ்டிமேட் 54 லட்சம் என்கிறார். அதில் 9 லட்சம் நாங்கள் கேட்டுச் சேர்த்த மாடி அறைக்கு. மீதி 5 லட்சத்துக்குக் காரணம் சொல்லவில்லை. இன்னும் 1,20,000 கொடுத்தால்தான் வொர்க்கிங் டிராயிங் (கட்டுமானத்துக்கான விரிவான வரைபடம்) தருவாராம். மாடிப்படியும் செங்குத்தாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாற்றித் தரத் தனியாக 40,000 கேட்கிறார்.

பதில்: படியையும் பணத்தையும் ஒரே சண்டையாகப் போடாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

முதலில் பணம். நீங்கள் கேட்டுச் சேர்த்த 9 லட்சத்துக்குக் கட்டணம் கொடுப்பதுதான் நியாயம். காரணம் சொல்லாத 5 லட்சத்துக்கு, அயிட்டம் வாரியாகப் பழைய எஸ்டிமேட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆக, இப்போதைக்குக் கட்டணம் 49 லட்சத்துக்கு 5 சதவீதம், 2,45,000 ரூபாய்.

அடுத்து, வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் தவணை எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதவில்லையென்றால், ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் மாதிரி நிபந்தனைகளைப் பேச்சுக்கு அடிப்படையாக வைக்கலாம். அதன்படி அப்ரூவலுக்கு வரைபடம் கொடுத்த கட்டத்தில் மொத்தக் கட்டணத்தில் 35 சதவீதம், வொர்க்கிங் டிராயிங் முடிந்ததும் அதையும் சேர்த்து 45 சதவீதம் கொடுத்திருக்க வேண்டும். 2,45,000-இல் 45 சதவீதம் 1,10,250. நீங்கள் அதை ஏறக்குறைய முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள்! அவர் சொல்கிற 54 லட்சத்தையே ஒப்புக்கொண்டாலும் 1,21,500தான் வருகிறது. டிராயிங் கைக்கு வந்தபின் 11,500 கொடுத்தால் போதும். அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி. ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள்.

இனி படி. தளத்துக்குத் தளம் 10 அடி என்று வையுங்கள். 16 படி வைத்தால் ஒவ்வொன்றும் 7½ அங்குலம் ஏறும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு வீட்டுப் படிக்கு விதித்த உச்சம் 190 மி.மீ.; 7½ அங்குலம் அந்த விளிம்பில் நிற்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு 6 அங்குலம் வேண்டும், அதாவது 20 படி. நடுவில் திரும்பும் படியென்றால், 10 அங்குல மிதியும் 3 அடி லேண்டிங்கும் சேர்த்து 16 படிக்கு 8 அடி 10 அங்குல நீளம் போதும். 20 படிக்கு 10 அடி 6 அங்குலம் தேவை. இந்த 20 அங்குலம் ஹாலிலிருந்துதான் வரும். பில்லரும் பீமும் நகரலாம், அப்ரூவல் பிளானையும் திருத்த வேண்டி வரலாம்.

யார் செலவில்? தேவைகளைச் சொன்ன முதல் வாட்ஸ்அப், மின்னஞ்சலைத் தேடுங்கள். "வயதான அம்மா இருக்கிறார்" என்று அதில் இருந்தால், திருத்துவது அவர் பொறுப்பு. "ஹால் பெரிதாக வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் மாற்றத்துக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஆனால் 40,000-க்கு எத்தனை டிராயிங் மாறுகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் முன் புதிய படியைக் காலி இடத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு அம்மாவை நடக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரே கடிதமாக எழுதி, மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். தொலைபேசியில் பேசியது எதற்கும் உதவாது. பதில் இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற ஷரத்து இருந்தாலும் இந்த வழி அடைபடாது.

கேள்வி: அவரை விட்டுவிட்டு, அதே பிளானை வைத்து வேறொருவரிடம் கட்டலாமா?

பதில்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கட்டடக் கலைப்படைப்பும் பாதுகாக்கப்பட்டது. எழுதிக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக வரைந்தவருக்குத்தான். முடித்த கட்டத்துக்கான பாக்கியைத் தீர்த்து, "பிளானைப் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரும் அதைத்தான் முதலில் கேட்பார். அப்ரூவலில் கையெழுத்திட்டவர் மாறுவதை உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்களுடையவர் இன்ஜினியர்தான், போர்டில் "ஆர்க்கிடெக்ட்" என்று இருக்கிறது. கவுன்சிலில் புகார் தரலாமா?

பதில்: 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி கவுன்சிலில் பதிந்தவர்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பதிவெண் 'சிஏ' என்று தொடங்கும். கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். பதியாதவர்மீது தொழில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கவுன்சிலால் முடியாது. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்குத் தடையில்லை. பதிந்தவராக இருந்தாலும், கவுன்சில் நடத்தைக் குறைவைத்தான் விசாரிக்கும், பணத்தை வசூலித்துத் தராது.